கவுண்டி கண்காட்சி நினைவுகளை எழுதி வைப்பது எப்படி

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில், சிறுநகரங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆண்டிலேயே முக்கியமான வாரம் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) கண்காட்சி நடக்கும் வாரம்தான். பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில், ஊருக்கு வெளியே ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் மைதானம் ஐந்தாறு நாள்களுக்கு உயிர் பெறும். நான் ஏழு வயதில் பெற்றோருடன் இல்லினாய் மாநிலத்துச் சிறுநகரம் ஒன்றில் குடியேறி, 1986 முதல் பத்துக் கண்காட்சிகளைப் பார்த்தேன். அண்மையில் என் மகள் அவற்றைப் பற்றிக் கேட்டபோது, பெரிய ராட்டினம், பஞ்சுமிட்டாய், வண்ண விளக்குகள், கூட்டம் என்ற நான்கு சொற்களோடு என் பேச்சு நின்றுவிட்டது. அந்த நான்கும் எந்த ஊர்க் கண்காட்சிக்கும் பொருந்தும். நான் பார்த்த கண்காட்சி அவற்றில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாக அந்த நினைவுகளை ஒவ்வொன்றாக மீட்டு எழுதி வருகிறேன். என்னைப் போல அங்கே பிள்ளைப் பருவத்தைக் கழித்து, அதைத் தமிழில் எழுதி வைக்க விரும்புகிறவர்களுக்காகவே, அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே விளக்குகிறேன். முறையின் சாரம் ஒன்றுதான்: ராட்டினத்திலிருந்து தொடங்காதீர்கள், மாட்டுக் கொட்டகையிலிருந்து தொடங்குங்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. கவுண்டி கண்காட்சி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு கண்காட்சிகள். ஒன்று அந்த ஊராருடையது: ஆடு மாடுகள், காய்கறிகள், தையல் வேலைகள், நடுவர்கள், பரிசு நாடாக்கள். இதன் வரலாறு நீளமானது. எல்கானா வாட்சன் என்பவர் 1807இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு ஊர்ப் பொதுவிடத்தில் இரண்டு மெரினோ செம்மறி ஆடுகளைக் கட்டி வைத்து மக்களைப் பார்க்கச் செய்தார். 1810இல் அதே ஊரில் கால்நடைக் காட்சி நடத்தினார். மறு ஆண்டு பெர்க்ஷயர் வேளாண் சங்கம் உருவாயிற்று. உழவர்கள் ஒருவர் கால்நடையை மற்றவர் பார்த்துத் தம்முடையதை மேம்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற அந்த நோக்கம் இன்றுவரை கொட்டகைகளில் இருக்கிறது. மற்றொன்று ஊர் ஊராகப் போகும் கார்னிவல் நிறுவனத்தினுடையது: லாரிகளில் வந்து இறங்கும் ராட்டினங்கள், பந்தெறியும் கடைகள், தின்பண்ட வண்டிகள். அது அடுத்த வாரம் வேறொரு கவுண்டியில் இருக்கும். ஆகவே ராட்டினத்தைப் பற்றிய நினைவு ஆயிரக்கணக்கான ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொதுவானது. கொட்டகையைப் பற்றிய நினைவோ உங்கள் ஊருக்கு மட்டுமே உரியது. இரண்டும் மனத்தில் கலந்துபோனதால்தான் எழுத உட்கார்ந்ததும் பொதுவான சித்திரமே முதலில் வருகிறது. அவற்றைப் பிரித்தெடுப்பதே முதல் வேலை.

முதலில் வரைபடம்

எழுதுவதற்கு முன்னால் ஒரு பெரிய தாளை எடுத்து மைதானத்தை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் குடும்பத்தின் கார் எங்கே நின்றது என்பதிலிருந்து தொடங்கி, நீங்கள் நடந்த வழியிலேயே பென்சிலை நகர்த்துங்கள். புல்வெளியில் நிறுத்தினீர்களா, அறுவடை முடிந்த வயலிலா? நுழைவாயிலில் கையில் முத்திரை குத்தினார்களா, சீட்டுக் கிழித்தார்களா? முதலில் மூக்குக்கு எட்டியது எது? கால் நடக்கும் வழியில் கேட்டுக்கொண்டே போனால், கண் மறந்துவிட்டதை உடம்பு சொல்லும்.

தரையைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தரைக்கு அருகில் இருப்பவர்கள். பெரியவர்கள் கூரையை நினைவில் வைத்திருக்கும் இடத்தில் அவர்கள் காலடியை நினைவில் வைத்திருப்பார்கள். எங்கள் மைதானத்தில் கார்னிவல் பகுதி முழுவதும் சரளைக் கல். அதன் மீது தடித்த கறுப்பு மின்கம்பிகள் பாம்புகளைப் போலக் கிடக்கும். அவற்றைத் தாண்டும்போதெல்லாம் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவார். கொட்டகைக்குள் நுழைந்ததும் செருப்பின் ஓசை அடங்கிவிடும், ஏனென்றால் அங்கே மரத்தூள் பரப்பியிருப்பார்கள். இந்த ஓசை மாற்றம் முப்பது ஆண்டுகளாக என் நினைவுக்கு வரவே இல்லை. வரைபடத்தில் சரளைப் பகுதிக்கும் மரத்தூள் பகுதிக்கும் இடையில் கோடு போட்டபோதுதான் வந்தது. அந்தக் கோட்டின் இருபுறமும் இருப்பவையே நான் மேலே சொன்ன இரண்டு கண்காட்சிகள்.

வரைபடத்தில் வெற்றிடங்கள் இருக்கும். அவற்றை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விடுங்கள். நீங்கள் போகவே அனுமதிக்கப்படாத மூலைகளும் அவற்றில் இருக்கலாம். பீர் விற்ற கூடாரத்தின் பக்கம் எங்களை விட்டதில்லை, ஆகவே என் வரைபடத்தில் அந்த மூலை வெறுமையாக இருக்கிறது.

கொட்டகைக்குள் நெடுநேரம் நில்லுங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே பெரிய வசதி ஒன்று இருக்கிறது: கால்நடைகளைப் பற்றி நம் மொழியில் இல்லாத சொல் இல்லை. கன்று ஈனாத இளம் பசு கிடேரி. இறைச்சிக்காக வளர்க்கப்படுவது காயடித்த இளங்காளை. கழுத்தின் கீழே தொங்கும் தோல் அலைதாடி. இவை தவிர மடி, குளம்பு, தலைக்கயிறு, தீவனத் தொட்டி என எல்லாமே புழக்கத்தில் உள்ள சொற்கள். எல்லாவற்றையும் ‘மாடு’ என்று எழுதிவிட்டால், அந்த ஊராருக்கு உயிரான வேறுபாடுகள் அனைத்தும் உங்கள் எழுத்தில் அழிந்துபோகும். எந்தக் கொட்டகையில் எந்த விலங்கு இருந்தது, அது கறவைக்கா இறைச்சிக்கா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அதற்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு: கறவை மாடுகளை நடுவர் முன் நடத்திச் செல்லும் பிள்ளைகள் வழக்கமாக வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்திருப்பார்கள். உங்கள் நினைவில் வெள்ளை உடை இருந்தால், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கறவை மாட்டுப் போட்டி.

குழந்தையாக இருந்தபோது தவறாகப் புரிந்துகொண்டவற்றை அடித்துத் திருத்தாதீர்கள். அவையே நினைவின் மிக மதிப்புள்ள பகுதி. காளைகளை நடத்தி வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு நீண்ட கோல் வைத்திருந்தார்கள். அதனால் மாட்டைக் குத்துகிறார்கள் என்று நினைத்து நான் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்தக் கோல் மாட்டின் கால்களைச் சரியான இடத்தில் நிற்க வைப்பதற்கும், அதன் அடிவயிற்றை மெல்லச் சொறிந்து அமைதிப்படுத்துவதற்கும் உரியது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். எழுதும்போது முதலில் என் அச்சத்தை ஏழு வயதுப் பிள்ளை கண்டபடியே எழுதினேன். கோலின் பயனை அடுத்த பத்தியில், இன்றைய குரலில் எழுதினேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்திருந்தால் பிள்ளையின் அச்சமும் போயிருக்கும், பெரியவரின் அறிவும் ஒட்டாமல் நின்றிருக்கும்.

ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மிக அருகில் போய்ப் பாருங்கள். என்னிடம் இருந்த கணம் இது. கறுப்பும் வெள்ளையுமான ஹோல்ஸ்டீன் இனக் கறவைப் பசு ஒன்று கழுவு மேடையில் நின்றது. பதினான்கு வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி ரப்பர் காலணியோடு நின்று, குழாய் நீரை முதலில் அதன் கால்களில் விட்டாள், பிறகு வயிற்றில், அதன் பின்பே முதுகில். சோப்பு நுரை விலாவில் வழிந்து குளம்புகளைச் சுற்றித் தேங்கியது. அப்பா காவிரிக் கடைமடையில் உம்பளாச்சேரி மாடுகளோடு வளர்ந்தவர். அவர் அந்தப் பெண்ணிடம் கையசைத்து அனுமதி கேட்டுவிட்டு, மாட்டின் தோள்களுக்கு நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, “திமிலே இல்லை பார், கண்ணு” என்றார். நான் ஊரில் மாட்டைத் தொட்டதில்லை. திமில் என்ற சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவும் அது இல்லாத ஒரு மாட்டின் முதுகைப் பார்த்து.

இப்படிப்பட்ட ஒரு கணம் எல்லோரிடமும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, “அன்று யாருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முகங்களைவிடக் கைகளைப் பிள்ளைகள் நன்றாகக் கவனித்திருப்பார்கள், அவர்களுடைய கண்மட்டத்தில் இருப்பவை கைகள்தாமே.

ஏலத்தைப் பார்த்திருந்தால் அதையும் தவறாமல் எழுதுங்கள், வலித்தாலும் எழுதுங்கள். இறைச்சிக்கென வளர்க்கப்பட்ட விலங்குகளைப் பிள்ளைகளே மாதக் கணக்கில் தீவனம் வைத்துப் பெயர் சூட்டி வளர்த்து, கண்காட்சியின் இறுதியில் ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். விலை பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று ஏறும். ஊரில் உள்ள கடைக்காரர்களும் வங்கிக்காரர்களும் சந்தை விலைக்கு மேலே கொடுத்து வாங்குவதும் உண்டு. அந்தப் பணம் பல பிள்ளைகளின் கல்லூரிச் சேமிப்பில் போய்ச் சேரும். ஆனால் அன்றிரவு லாரி வரும்போது, காலியான கொட்டிலில் வைக்கோல் மீது உட்கார்ந்து அழும் பிள்ளையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பணத்தையும் அழுகையையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்வதாகாது.

நாடாவின் நிறத்தைச் சரிபாருங்கள்

காட்சிக் கூடத்தில் உங்கள் பொருள் ஏதாவது வைக்கப்பட்டிருந்தால், பரிசு பெற்ற நினைவை அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது வீட்டின் பின்புறம் விளைந்த தக்காளிகளை வைத்து நீல நாடா பெற்றேன். அமெரிக்காவில் நீலம் முதல் பரிசு, சிவப்பு இரண்டாம் பரிசு, வெள்ளை மூன்றாம் பரிசு. (கனடாவில் சிவப்பே முதல் பரிசு, அங்கே வளர்ந்தவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.) ஆகவே கவுண்டியிலேயே சிறந்த தக்காளி என்னுடையது என்று முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மை சற்று வேறானது. நான் ஃபோர் எச் மன்றத்தின் சார்பில் அவற்றை வைத்திருந்தேன். 1902இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய பிள்ளைகள் மன்றத்தைத் தன் தொடக்கமாகக் கொண்ட அமைப்பு அது. தலை, இதயம், கைகள், உடல்நலம் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்தே அதன் பெயர். நான்கிதழ்ப் பச்சை இலை அதன் சின்னம். 1914இல் நிறைவேறிய ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணியை நாடு முழுவதும் நிலைநிறுத்திய பிறகு, இம்மன்றங்கள் அதன் வழியாகவே வளர்ந்தன. இந்த மன்றப் போட்டிகளில் டேனிஷ் முறை எனப்படும் மதிப்பீடு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதன்படி ஒரு பிள்ளையின் பொருளை மற்றொரு பிள்ளையின் பொருளோடு ஒப்பிடுவதில்லை. வகுத்து வைத்த தரத்தோடு ஒப்பிடுவார்கள். தரத்தை எட்டியவை அனைத்துக்கும் நீலம். அன்று என் மேசையிலேயே நீல நாடாக்கள் பல இருந்திருக்க வேண்டும். உங்கள் நாடா எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் பின்புறத்துச் சீட்டைப் பார்த்தோ, பழைய முடிவுப் பட்டியலைப் பார்த்தோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதை அறிந்ததால் நினைவு சிறுத்துவிடவில்லை. என் பார்வை தக்காளிகளை நோக்கித் திரும்பியது. ஒரு காகிதத் தட்டில் ஐந்து தக்காளிகள் வைக்க வேண்டும். ஐந்தும் ஒரே அளவு, ஒரே பழுத்த பதம், காம்பு நீக்கியவையாக இருக்க வேண்டும். பெரிதாக இருப்பதைவிட ஒத்திருப்பதே முக்கியம் என்று எங்கள் விதிப்புத்தகம் சொல்லியது. முந்தின இரவு அம்மா நாற்பது தக்காளிகளைச் சமையலறை மேசையில் பரப்பி, இரண்டிரண்டாகக் கையில் எடுத்து எடை பார்த்து, ஐந்தைத் தேர்ந்தெடுக்க இரவு பதினொரு மணி ஆயிற்று. மீதி முப்பத்தைந்தும் மறுநாள் ரசமாகவும் தொக்காகவும் ஆயின. எழுத வேண்டியது இந்த இரவைத்தான். நாடா வெறும் சாட்சி.

ராட்டினத்துக்கு இப்போது போகலாம்

கொட்டகையையும் கூடத்தையும் எழுதிய பிறகு ராட்டினத்துக்கு வாருங்கள். இங்கே நினைவு கட்டாயம் பெரிதுபடுத்தும். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுவிய முதல் பெருஞ்சக்கரத்தின் உயரம் 264 அடி. அதில் 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். கார்னிவல் பகுதியை ‘மிட்வே’ என்று சொல்லும் வழக்கமும் அந்தச் சக்கரம் நின்ற மிட்வே பிளெய்சன்ஸ் என்ற பகுதியின் பெயரிலிருந்தே வந்தது. ஆனால் சிறுநகரத்துக்கு வந்தது அதைப் போன்ற சக்கரம் அல்ல. டபிள்யூ. ஈ. சல்லிவன் 1900இல் இல்லினாயின் ஜாக்சன்வில் ஊரில் தம் முதல் ‘பிக் ஈலை’ சக்கரத்தை இயக்கிக் காட்டினார். கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகக் கூடிய அந்த வகைச் சக்கரங்களே பின்னர் ஊர் ஊராகச் சுற்றின. அவற்றில் மிகவும் பரவிய வடிவத்துக்குப் பன்னிரண்டு இருக்கைகள். உயரம் நான்கு மாடிக்கு மேல் இருக்காது. “வானத்தைத் தொட்டது” என்று எழுத வேண்டாம். மேலே போய் நின்றபோது எது தெரிந்தது என்று எழுதுங்கள். எனக்குச் சோள வயல்களும், தானியக் கிடங்கின் உருளைக் கோபுரங்களும், எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. நான்கு மாடி உயரத்தில் ஊர் முழுவதும் தெரிந்தது என்றால், ஊர் எவ்வளவு தட்டையாகவும் சிறியதாகவும் இருந்தது என்பது வாசகருக்கு விளங்கிவிடும்.

குடை ராட்டினத்துக்கும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் அது வழக்கமாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பிரிட்டனில் கடிகாரத் திசையில் சுற்றும். எதிர்த்திசையில் சுற்றும்போது வெளிப்புறம் குதிரை மேல் இருப்பவரின் வலக்கைப் பக்கம் அமையும். ஆகவே வெளியே நின்ற அம்மாவை நீங்கள் வலப்பக்கம் திரும்பித்தான் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்கக் குதிரைகளின் வலப்புறத்தில் செதுக்கு வேலை அதிகமாக இருப்பதும் பார்ப்பவர்களின் கண்ணில் படுவது அந்தப் பக்கம் என்பதால்தான். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். என்னுடைய நினைவில் அம்மா இடப்பக்கம் இருந்தார். அது வேறொரு ராட்டினத்தின் நினைவு, விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஏறியது, என்று அப்போதுதான் புரிந்தது.

ராட்டினங்களின் பெயர்களைத் துல்லியமாக எழுதுவதும் பயன் தரும். சாய்தளத்தில் ஏழு வட்டப் பெட்டிகள் தாமாகச் சுழன்று திரும்பும் ராட்டினம் ‘டில்ட்-ஏ-வேர்ல்’. 1926இல் மினசோட்டாவின் ஃபேரிபால்ட் ஊரில் ஹெர்பர்ட் செல்னர் உருவாக்கியது. அது எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் சுழலும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. உட்கார்ந்திருப்போரின் எடையும் அவர்கள் சாயும் விதமும் அதை மாற்றும். அக்காவும் நானும் எந்தப் பக்கம் சாய்வது என்று சண்டை போட்டது அதனால்தான்.

தின்பண்டங்களைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள், ஏனெனில் இங்கே எல்லோருடைய நினைவும் ஒன்றுபோல இருக்கும். பஞ்சுமிட்டாய் இயந்திரத்தை 1897இல் நாஷ்வில் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் மாரிசனும் மிட்டாய்க்காரர் ஜான் வார்ட்டனும் உருவாக்கினார்கள் என்பது சுவையான செய்திதான். ஆனால் உங்கள் கண்காட்சிக்கு அது உதவாது. வீட்டிலிருந்து என்ன கட்டிக்கொண்டு போனீர்கள் என்பதே உதவும். எங்கள் கார் டிக்கியில் புளிசாதமும் அப்பளமும் இருந்தன. மதியம் மூன்று மணிக்குக் கார் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்துக் காருக்கு வந்தவர்கள் அப்பளத்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார்கள்.

கார்னிவல் ஊழியர்களைப் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். அவர்களைப் பற்றி ஊரார் சொன்ன இழிசொற்கள் நம் நினைவில் நம்முடையவை போலப் பதிந்திருக்கும். அவர்கள் வாரத்துக்கு ஓர் ஊராக வெயில் காலம் முழுவதும் உழைத்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே போவார்கள்; ஃபுளோரிடாவின் கிப்சன்டன் ஊர் அப்படிக் குளிர்காலத்தில் தங்குவோரால் பெயர் பெற்றது. நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். எனக்கு நினைவில் உள்ளவர், இருக்கையின் குறுக்குக் கம்பியைப் பூட்டியபின் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தவர். அவருடைய முகம் நினைவில் இல்லை. கைவிரல்களில் ஒட்டியிருந்த கிரீஸ் நினைவில் இருக்கிறது.

தாள்களைத் தேடும் முறை

கவுண்டி கண்காட்சி, பிள்ளைப் பருவத்தின் மற்ற நிகழ்ச்சிகளைப் போலன்றி, ஏராளமான தாள்களை விட்டுச் செல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் போட்டிப் பிரிவுகளையும் விதிகளையும் பரிசுத் தொகைகளையும் பட்டியலிட்டு ‘பிரீமியம் புத்தகம்’ வெளியிடுவார்கள். உள்ளூர் நாளிதழ் முடிவுகளைப் பெயர் பெயராக அச்சிடும். ஃபோர் எச் பிள்ளைகள் தீவனச் செலவு முதல் விற்ற விலை வரை பதிவேடு எழுதுவார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பில் பழைய நாளிதழ்களை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அது 1963 வரையிலான இதழ்களுக்கே உரியது. 1980களுக்கு உங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் நுண்படச் சுருள்களையே நாட வேண்டும். நூலகருக்கு எழுதும்போது, கண்காட்சி நடந்த ஆண்டையும் மாதத்தையும் தோராயமாகக் குறிப்பிட்டால் அவர்களுக்குத் தேடுவது எளிது.

வானிலையையும் சரிபார்க்கலாம். அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் நாள்வாரியான மழை, வெப்பப் பதிவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. பழைய கார்களை மோதி நொறுக்கும் போட்டியின்போது மழை கொட்டி, பார்வையாளர் மாடத்தின் கீழே ஒதுங்கி நின்றது உங்களுக்கு நினைவிருந்தால், எந்த ஆண்டு கண்காட்சி வாரத்தில் கனமழை பெய்தது என்று பார்த்து ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். புகைப்படங்களின் பின்புறத்தில் ஆய்வகம் அச்சிட்ட மாதம் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். படச்சுருள் பல மாதங்கள் கேமராவிலேயே கிடந்து பிறகு கழுவப்பட்டிருக்கலாம்.

ஒரு வரிசை முக்கியம்: நினைவில் உள்ளதை எல்லாம் எழுதி முடித்த பிறகே தாள்களைத் தேடுங்கள். முதலில் தாளைப் பார்த்துவிட்டால், அதில் உள்ளதே உங்கள் நினைவு என்று மனம் ஏற்றுக்கொண்டுவிடும். பிறகு பிரித்தறிய வழியே இல்லை. நான் வலப்பக்கத்தில் நினைவையும், இடப்பக்கத்தில் பின்னர் தெரிந்துகொண்டதையும் எழுதும் குறிப்பேடு ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.

சொல் தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘திருவிழா’ என்று எழுதினால் தேரும் சாமியும் வந்துவிடும். ‘சந்தை’ என்றால் வாங்கல் விற்றல் மட்டும் தோன்றும். ‘பொருட்காட்சி’ என்பது நகரத்து அரங்குகளை நினைவூட்டும். ‘கண்காட்சி’ ஓரளவு பொருந்துகிறது. ‘கவுண்டி’யை மாவட்டம் என்று மாற்றாமல் அப்படியே வைப்பதே நல்லது, ஏனெனில் அமெரிக்காவில் உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் பல மக்கள்தொகையில் நம் வட்டத்தைவிடச் சிறியவை. வீட்டில் நீங்கள் அதை எப்படி அழைத்தீர்களோ அந்தச் சொல்லையும் ஓரிடத்தில் பதிவு செய்யுங்கள். அம்மா கடைசிவரை அதை ‘மாட்டுக் காட்சி’ என்றுதான் சொன்னார்.

படித்துக் காட்டுங்கள்

எழுதியதை, அன்று உங்களோடு இருந்த ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கணினியில் அனுப்பிப் படிக்கச் சொல்வது இதற்கு ஈடாகாது. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் நிறுத்தி, அவர் பேசக் காத்திருங்கள். அவர் மறுத்தால் வாதிடாதீர்கள். உங்கள் வரியை அழிக்கவும் செய்யாதீர்கள். அவர் சொன்னதை நாளிட்டு அதன் கீழே எழுதுங்கள். இரண்டு நினைவுகள் முரண்படும் இடத்தில் இரண்டையும் வைத்திருப்பதே நேர்மை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. கழுவு மேடைப் பகுதியைத் தொலைபேசியில் அவருக்குப் படித்துக் காட்டினேன். “பசு” என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “பசு இல்லைப்பா, கிடேரி. மடியைப் பார்த்தாலே தெரியுமே, இன்னும் கன்னு போடாதது” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தப் பொண்ணோட தகப்பனார்கிட்ட நான் விலை கேட்டேன். உனக்கு ஞாபகம் இல்லையா?” என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் அப்போது இரண்டாம் மாடியில், இரண்டு அறைகள் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். எதற்காகக் கேட்டீர்கள் என்று கேட்டதற்கு, “சும்மாதான், தெரிஞ்சுக்கத்தான்” என்றார். “பசு” என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே அன்றைய நாளை எழுதி, கிடேரி என்றும், அப்பா விலை கேட்டார் என்றும் குறித்துக்கொண்டேன்.